மூணாம் நம்பர் போல்ட்

என் பெயர் ராஜாமணி. ஆண் பெயரா பெண் பெயரா என்று கேட்பவர்களுக்கு நான் வைத்திருக்கும் பதில் ஒன்றுதான்: வைத்தது எங்கள் அப்பா, அவரைப் போய்க் கேளுங்கள். அவர் செத்து ஒன்பது வருஷம் ஆகிறது.

கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குத் திரும்பும் சாலையில், தகரக் கூரை போட்ட கார் ஷெட் ஒன்று இருக்கிறது. ‘ராஜாமணி கார் ஒர்க்ஸ்’ என்று போர்டு. வருகிறவர்களில் பாதிப் பேர் என்னைப் பார்த்ததும், “ராஜாமணி இல்லீங்களாம்மா?” என்பார்கள். “இருக்காரு, வண்டிக்கு என்னான்னு சொல்லுங்க” என்பேன். பானட்டைத் திறந்து நான் தலையை உள்ளே விட்ட பிறகுதான் முகம் மாறும். சிலர் அப்போதும் என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்ப்பார்கள்.

எங்கள் வீட்டு அலமாரியில் இரண்டு ஹாட்பாக்ஸ் இருக்கின்றன. இரண்டும் மண் டிராக்கில் நடந்த கார் ஓட்டப் போட்டிகளில் நான் ஜெயித்தவை. மகளிர் பிரிவு. மகளிர் பிரிவு என்றால் என்னவோ என்று நினைத்துவிடாதீர்கள். நாலு பெண்கள், புருஷன்மாருடைய கார், ஏசியைப் போட்டுக்கொண்டு ஒரே ஒரு சுற்று. மைக்கில் ஒரு ஆள், “மெதுவா சிஸ்டர், மெதுவா” என்று சொல்லிக்கொண்டே இருப்பான். ஆண்களுக்கு ஐந்து சுற்று, கோப்பை, பேப்பரில் போட்டோ. எனக்கு ஹாட்பாக்ஸ். முதல் வருஷம் சிவப்பு, அடுத்த வருஷம் பச்சை. இட்லி வைத்தால் நன்றாகத்தான் சூடு நிற்கிறது, அதைக் குறை சொல்லவில்லை.

அதனால்தான் சிதம்பரத்தில் புதிதாக ஆரம்பித்திருந்த மோட்டார் கிளப்பின் அறிவிப்பில் ‘ஓபன் கிளாஸ், யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம்’ என்று பார்த்ததும் பெயரைக் கொடுத்தேன். எல்லாம் வாட்ஸ்அப்பில் நடந்தது. என் வாட்ஸ்அப் படத்தில் இருப்பது நான் இல்லை, என் கார். கிளப் செயலாளர் ராஜ்கமல், நான் அனுப்பிய விவரங்களை வைத்து அவரே ஃபார்மை நிரப்பி அனுப்பினார். பெயர் என்கிற இடத்தில் ‘திரு. ராஜாமணி’ என்று இருந்தது. பார்த்தேன். திருத்தச் சொல்லவில்லை. எழுதியது அவர், நான் எதற்கு அவர் கையெழுத்தில் தலையிட வேண்டும்?

கார் ஒரு பழைய எஸ்டீம். மீன் ஏலக்காரர் ஒருவரிடமிருந்து வாங்கினேன். பத்து வருஷம் டிக்கியில் ஐஸ் பெட்டி ஏற்றி ஓட்டியிருக்கிறார். வண்டிக்கு அடியில் கை வைத்தால் துரு தோல் தோலாக உரிந்து வரும். பிரேக், கிளட்ச், ஸ்பிரிங் எல்லாம் நானே மாற்றினேன். ஒரு வேலைதான் பாக்கி.

எஞ்சினிலிருந்து வரும் புகையை வாங்கிச் சைலன்சருக்குத் தள்ள, பக்கவாட்டில் ஒரு வார்ப்பிரும்புக் குழாய் எட்டு போல்ட்டில் உட்கார்ந்திருக்கும். மேனிஃபோல்டு என்போம். நாலு சிலிண்டர் புகையும் அந்தக் குட்டைக் குழாயில் முட்டி மோதிக்கொண்டுதான் வெளியே போக வேண்டும். அதைக் கழற்றி எறிந்துவிட்டு, சிலிண்டருக்கு ஒன்றாக நாலு நீள ஸ்டீல் குழாய் வைத்த செட்டை மாட்டினால் வண்டி தாராளமாக மூச்சு விடும். அதற்கு ஹெடர்ஸ் என்று பெயர். ரோட்டில் ஓட்ட அனுமதி கிடையாது. டிராக்கில் ஓட்டலாம். கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்திருந்தேன். வரப்போகிறதே என்று ஃபார்மிலும் ‘ஹெடர்ஸ் பொருத்தியது’ என்று போடச் சொல்லிவிட்டேன். போட்டி ஞாயிற்றுக்கிழமை. பார்சல் வெள்ளிக்கிழமை காலையில் வந்தது.

அதே வெள்ளிக்கிழமை காலையில்தான் திருவந்திபுரத்தில் ஒரு கல்யாண வேன் மக்கர் பண்ணிக்கொண்டு நின்றது. முகூர்த்தத்துக்கு நாற்பது நிமிஷம் இருக்கிறது, மாப்பிள்ளை வீட்டார் வேனுக்குள், பெண் வீட்டார் கோயிலில். போகாமல் இருக்க முடியுமா? போனேன். வேனுக்கு அடியில் படுத்துக்கொண்டு, பக்கத்தில் இன்னொரு கல்யாண கோஷ்டியின் தவில் காதைப் பிளக்க, என் வீட்டுக்காரர் தங்கராசுவுக்குப் போன் போட்டேன். அவர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பாய்லர் ஆபரேட்டர். அன்றைக்கு லீவு.

“மாமா! நான் காலைல வண்டிய ஓட்டி சூடு பண்ணி வச்சிட்டு வந்தேன்ல? ஆறுறதுக்குள்ள அந்த மேனிஃபோல்டு போல்ட்ட எறக்கிடு!”

“எட்டயுமா?”

“எட்டயும்! ஸ்பேனர்ல பைப்பு போட்டு இழு, வுட்றாத!”

“சரி சரி, வை” என்றார்.

வேனைக் கிளப்பிவிட்டு, பிடித்து உட்காரவைத்த கல்யாணச் சாப்பாட்டையும் முடித்துச் சாயங்காலம் நான் ஷெட்டுக்குத் திரும்பியபோது தங்கராசு முகமெல்லாம் சிரிப்பாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கையெல்லாம் கரி.

“எட்டும் முடிஞ்சுது மணி. நாலடி பைப்பு போட்டேன். மூணாவது மட்டும் கடைசில வெண்ணெய் மாதிரி வந்துச்சு.”

பானட்டுக்குள் பார்த்தேன். மேனிஃபோல்டு இருந்த இடத்திலேயே ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

“எங்க மாமா? கழட்டிட்டு எதுக்குத் திரும்ப மாட்டி வச்சிருக்க?”

“கழட்டறதா? நீ இறுக்கிடுன்னுதானே சொன்ன?”

எறக்கிடு, இறுக்கிடு. தவில் சத்தத்தில் ரெண்டு எழுத்து மாறிவிட்டது. வேறு யாராவது என்றால், புதுசு வாங்கி வைத்துக்கொண்டு பழசை எதற்கு இறுக்கச் சொல்கிறாள் என்று ஒரு நிமிஷம் யோசித்திருப்பார்கள். ஆனால் இவர் பாய்லர்காரர். பாய்லரில் சூடு ஏறிய பிறகு போல்ட்டையெல்லாம் இன்னொரு தரம் இறுக்குவார்கள், இல்லாவிட்டால் ஆவி கசியும். ‘ஆறுறதுக்குள்ள’ என்று நான் சொன்னதும் மனுஷன் கம்பெனியில் செய்வதை அப்படியே செய்துவிட்டார். ஏற்கெனவே பத்து வருஷ உப்பில் ஒட்டிக்கிடந்த போல்ட்டுகள். அதன் மேல் நாலடி பைப்பு.

“யோவ் மாமா, எதுக்குன்னு ஒரு வார்த்த கேக்கத் தோணலயா உனக்கு?”

“நீ ஒண்ணு சொன்னா எதுக்குன்னு என்னிக்குக் கேட்டிருக்கேன் நான்?”

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த நாலடிப் பைப்பை எடுத்து அவர் முதுகிலேயே ஒன்று வைத்திருப்பேன். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

“ராஜாமணி சார் இருக்காருங்களா?”

“பேசறேன்.”

“இல்லம்மா, சார்கிட்ட குடுங்க. சிதம்பரம் மோட்டார் கிளப்லேருந்து ராஜ்கமல்.”

“நான்தான் சார் ராஜாமணி.”

அந்தப் பக்கம் குரல் மாறி, தேன் தடவிக்கொண்டு வந்தது. “அப்படிங்களா மேடம், ரொம்ப சந்தோஷம். ஒண்ணும் பிரச்சன இல்ல, உங்கள லேடீஸ் கிளாஸ்ல மாத்திடறோம். ஓபன்ல பசங்க கொஞ்சம் முரட்டுத்தனமா ஓட்டுவானுங்க. உங்க சேஃப்டிக்குத்தான்.”

“யார் வேணும்னாலும்னு போட்டிருந்தீங்களே சார்?”

“போட்டிருக்கோம், இல்லன்னு சொல்லல. லேடீஸ்க்கு நல்ல பிரைஸ் வச்சிருக்கோம் மேடம்.”

“ஹாட்பாக்ஸா?”

“எப்படித் தெரியும்?”

“நான் ஓபன்லதான் சார் ஓட்டுவேன்.”

தேன் தீர்ந்துபோனது. “சரிங்க மேடம். ரூல்ஸ்னா எல்லாருக்கும் ரூல்ஸ்தான். ஃபார்ம்ல ஹெடர்ஸ்னு போட்டிருக்கீங்க. நாளைக்கு மூணு மணி வரைக்கும்தான் செக்கிங். வண்டி ஃபார்ம்படி இல்லன்னா ஓபன்ல வுட முடியாது, அப்ப லேடீஸ்லதான் ஓட்டணும். ஹெடர்ஸ் மாட்டியாச்சுல்ல?”

“மாட்டியாச்சு” என்றேன். ஆமாம், பொய்தான். மாட்டப்போகிற பொய்.

போனை வைத்துவிட்டு எட்டு போல்ட்டின் மேலும் துருவை இளக்கும் ஸ்ப்ரேயைக் கேன் காலியாகும்வரை அடித்தேன். ராத்திரி பூராவும் ஊறட்டும் என்று ஷட்டரை இழுத்துவிட்டு வீட்டுக்குப் போனோம். அன்றைக்கு அவருக்கு நான் தோசை சுடவில்லை. அவரே சுட்டுக்கொண்டார். எனக்கும் நாலு சுட்டு வைத்தார், தின்றேன். கோபம் கோபம்தான், பசி பசிதான்.

சனிக்கிழமை ஆறு மணிக்கு ஷெட்டில் இருந்தோம். எஞ்சினைக் கால் மணி நேரம் ஓடவிட்டு நிறுத்தினேன். கை வைத்தால் சுடும், ஆனால் பொசுங்காது. அதுதான் பதம். ஆறு மூலை சாக்கெட்டை எடுத்தேன். பன்னிரண்டு மூலை சாக்கெட் போட்டால் துருப்பிடித்த தலை மழுங்கி வழுக்கிவிடும், அப்புறம் அழுதாலும் பிடிமானம் கிடைக்காது. ஒவ்வொரு தலையிலும் சுத்தியால் நாலு தட்டு தட்டினேன்.

பிறகு பைப்பை வலது பக்கம் அழுத்தினேன்.

தங்கராசு எட்டிப் பார்த்தார். “ஏ மணி, அது இறுக்கற பக்கம்.”

“தெரியும்.”

“இறுக்கறியா?”

விடாத போல்ட்டை எடுத்த எடுப்பில் கழற்றும் பக்கம் இழுக்கக் கூடாது. ஒரு மயிரிழை இறுக்கிக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் மரையில் ஒட்டிய துரு உடையும். ‘கிறுக்’ என்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்ட பிறகுதான் இறக்க ஆரம்பிக்க வேண்டும். கால் சுற்று வெளியே, அரைக்கால் சுற்று உள்ளே, மறுபடி கால் சுற்று வெளியே. பொறுமை வேண்டும். எனக்குப் பொறுமை கிடையாது என்று ஊரே சொல்லும். போல்ட்டிடம் மட்டும் உண்டு.

“அப்ப நான் நேத்து பண்ணதும் சரிதானே?” என்றார்.

“நீ மயிரிழையா இறுக்குன? நாலடி பைப்புய்யா! வாய மூடிக்கிட்டு டார்ச்ச புடி.”

டார்ச்சைப் பிடித்தார். முதல் போல்ட் ‘கிறுக்’ என்றது. இரண்டாவதும் சொன்னது. மூன்றாவதைக் கடைசிக்கு வைத்துவிட்டு நாலுக்குப் போனேன். வெண்ணெய் மாதிரி வந்தது என்று அவர் சொன்னது எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. போல்ட் வெண்ணெய் மாதிரி வந்தால் அது இறுகவில்லை, இழுபட்டுச் சாகக் கிடக்கிறது என்று அர்த்தம். ஆறாவது ஒரு மணி நேரம் படுத்தியது. அதற்கு மெழுகுவர்த்தி வைத்தியம் பண்ணினேன். கேஸ் டார்ச்சால் போல்ட்டைச் சுட்டு மெழுகுவர்த்தியைத் தலையோரம் வைத்தால், உருகிய மெழுகு மரைக்குள் தானாக இழுத்துக்கொண்டு போகும். அது போன பிறகு ஆறாவது நல்ல பிள்ளையாக வந்தது.

ஒன்பது மணிக்கு ஏழு போல்ட் தட்டில் கிடந்தன. மூணாம் நம்பரில் சாக்கெட்டைப் போட்டேன். இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை கொடுத்தேன். சத்தமே இல்லை, வெண்ணெய்தான். மனசுக்குள் சாமியையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு இறக்கும் பக்கம் மெதுவாக இழுத்தேன்.

‘டக்’ என்றது. சாக்கெட்டுக்குள் போல்ட்டின் தலை மட்டும் கிடந்தது.

நான் கத்தியது பக்கத்து ஐஸ் கம்பெனி வரை கேட்டிருக்கும். மேனிஃபோல்டைப் பிடுங்கி எறிந்தேன். எஞ்சினில் மூணாம் நம்பர் துளையில், முறிந்த துண்டு ரெண்டு நூல், அதாவது கால் அங்குல நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பிளையர் வைத்துப் பிடித்தால் வழுக்கியது. வழி ஒன்றுதான்: அந்தத் துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் பண்ண வேண்டும். நட்டு பிடித்துக்கொண்டால் ஸ்பேனர் போட்டுத் திருகலாம். வெல்டிங் செட்டின் சுவிட்சைப் போட்டேன். கரண்ட் இல்லை.

“இன்னிக்கு மெயின்டனன்ஸுக்கு நிறுத்தறாங்க” என்றார் தங்கராசு. “ஒம்போதுலேருந்து ரெண்டு வரைக்கும். நேத்தே மெசேஜ் வந்துச்சு.”

“சொல்லலயே?”

“நேத்து நீதான் என்கூடப் பேசலயே.”

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து ஷெட் காத்தவராயன் சத்தம் கேட்டு வந்து நின்றான். திருவிழாவுக்கு லைட்டும் ஜெனரேட்டரும் வாடகைக்கு விடுகிறவன். குனிந்து பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினான். “உள்ள நிக்குதுக்கா. எஞ்சின் ஹெட்ட எறக்கி லேத்துக்குத்தான் அனுப்பணும். திங்கக்கெழம ஆவும்.”

தங்கராசு என் பக்கத்தில் குந்தினார். “மணி, நான் பண்ண தப்புதான். ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. பழசையே மாட்டிட்டு லேடீஸ்லயே ஓட்டிடேன். ஓட்டறதுதானே உனக்கு வேணும்?”

நான் அழமாட்டேன் என்று நினைத்தேன். அழுதேன். கிரீஸ் கையாலேயே கண்ணைத் துடைத்தது இன்னும் எரிச்சல்.

“ஓட்டறது மட்டும் வேணும்னா நான் ஆட்டோ ஓட்டிட்டுப் போறேன் மாமா. ரெண்டு வருஷமா ஒரே சுத்து. முதல் வளைவுல வண்டி இப்பதான் என் கைக்கு வருதுன்னு நெனைக்கறப்ப கொடிய ஆட்டி நிறுத்திடறான். அப்புறம் மேடைல, ‘உங்க ஹஸ்பண்டு வண்டிய நல்லா ரெடி பண்ணியிருக்காரு’ங்கறான். உனக்கு கிளட்சு எது, ஆக்சிலேட்டர் எதுன்னு தெரியுமா? நான் ரெடி பண்ண வண்டி, நான் ஓட்டணும், அஞ்சு சுத்து ஓட்டணும். தோத்தா தோத்துட்டுப் போறேன். தோக்கவாவது என்ன வுடுங்கய்யா!”

காத்தவராயன் தலையைச் சொறிந்தான். “வெல்டிங்குக்கு எவ்ளோ கரண்ட்டுக்கா வேணும்?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனான். பத்து நிமிஷத்தில் டீசல் ஜெனரேட்டரை டிராலியோடு தள்ளிக்கொண்டு வந்தான்.

“நானே அடிச்சுக் குடுக்கட்டா?” என்று வெல்டிங் கோலைக் கேட்டான்.

“வேணாம். நீ அடிச்சா நீ அடிச்சதாத்தான் ஆவும். ஜெனரேட்டர மட்டும் நிக்காம பாத்துக்க.”

பேட்டரி ஒயரைக் கழற்றினேன். சுற்றிலும் ஈரச் சாக்கைத் திணித்தேன். முறிந்த துண்டின் மேல் நட்டை வைத்து, நட்டின் துளைக்குள் கோலை விட்டு வெல்டிங் அடித்தேன். ஸ்பேனர் போட்டதும் நட்டு மட்டும் பெயர்ந்து கையோடு வந்தது. துண்டை அரம் போட்டுச் சுத்தம் பண்ணி மறுபடி அடித்தேன். அதுவும் பெயர்ந்தது. வெல்டிங்குக்கு உட்கார இப்போது ஒரு நூல் நீளம்தான் மிச்சம். மணி பதினொன்றேகால். தங்கராசு ஈரச் சாக்கு காயக் காயத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது நட்டை இன்னும் கொஞ்சம் அகலமாக எடுத்தேன். அவசரப்படாமல், உள்ளே வழிந்து நிரம்பும்வரை அடித்தேன். நட்டு செக்கச்செவேல் என்று ஆனது. சிவப்பு இறங்கி இரும்பு கறுத்ததும் மெழுகுவர்த்தியை ஓரத்தில் வைத்தேன். மெழுகு சொய்ங் என்று உள்ளே போனது. இன்னும் கொஞ்சம் ஆறட்டும் என்று நூறு எண்ணினேன். எழுபதில் ஸ்பேனரைப் போட்டுவிட்டேன், என் குணம் அது.

வலது பக்கம் ஒரு மயிரிழை அழுத்தினேன்.

‘கிறுக்.’

“கேட்டுச்சா?” என்றேன்.

“கேட்டுச்சு” என்றார் தங்கராசு. கேட்டிருக்க வாய்ப்பே இல்லை, ஜெனரேட்டர் அந்தக் கத்து கத்திக்கொண்டிருந்தது. ஆனால் அவருடைய கை என் தோளில் இருந்தது, அந்த அதிர்வு அவருக்கும் போயிருக்க வேண்டும். கால் சுற்று வெளியே, அரைக்கால் உள்ளே. கால் வெளியே, அரைக்கால் உள்ளே. மூணாம் நம்பர் துண்டு துருவும் மெழுகுமாக முழுசாக வெளியே வந்து என் உள்ளங்கையில் விழுந்து சுட்டது. நான் கீழே போடவில்லை.

காத்தவராயன் விசில் அடித்தான்.

அதன் பிறகு நடந்தது வெறும் வேலை. எட்டுத் துளைக்கும் மரை வெட்டிச் சுத்தம் பண்ணினேன். புதுப் பேக்கிங், புது ஹெடர்ஸ், எட்டும் புது போல்ட். நடுவிலிருந்து இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி இறுக்கினேன். தங்கராசு அந்த நாலடிப் பைப்பை என் கண்ணில் படாமல் எங்கேயோ ஒளித்துவைத்திருந்தார், அதைத் தேட வேண்டிய அவசியம் வரவில்லை. ஒன்றே முக்காலுக்கு வண்டியை ஸ்டார்ட் பண்ணினேன். அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்ல? அடைத்த மூக்கு விட்டது மாதிரி இருந்தது. உடனே நிறுத்தி, வாடகை மினி லாரியில் ஏற்றிக் கயிறு கட்டினோம்.

வழியெல்லாம் அறுவடை மெஷினும் நெல் லாரியும் முன்னால் ஊர்ந்தன. பு.முட்லூர் தாண்டும்போது மணி இரண்டே முக்கால். சிதம்பரத்துக்கு வெளியே, அறுவடை முடிந்து காய்ந்துகிடந்த நிலத்தில் சுண்ணாம்பால் டிராக் போட்டிருந்தார்கள். செக்கிங் மேசையை எடுத்துவைக்கப் போகும் நேரத்தில் எங்கள் லாரி போய் நின்றது. வண்டியைப் பலகை வழியாக நான்தான் ஓட்டி இறக்கினேன். ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டிருந்த பையன்கள் எல்லாரும் சத்தத்துக்குத் திரும்பினார்கள்.

ராஜ்கமல் வந்தார். முப்பது வயசு, கூலிங் கிளாஸ், கிளப் டி-ஷர்ட். ஹெடர்ஸைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒன்று வந்து போனது. செக்கிங் பண்ண சிவசுப்ரமணியன் என்று ஒருவர், பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் வாத்தியார். அவர் யாரிடமும் பேசாமல் டார்ச்சோடு பானட்டுக்குள் குனிந்தார். நிமிரவே இல்லை.

“மூணாவது ஓரத்துல வெல்டிங் கறுப்பு இருக்கே. என்ன ஆச்சு?” என்றார் குனிந்தபடியே.

நான் வாயைத் திறப்பதற்குள் ராஜ்கமல் தங்கராசு பக்கம் திரும்பினார். “சார், நீங்கதானே மெக்கானிக்? என்ன ஆச்சுன்னு சாருக்குச் சொல்லுங்க.”

தங்கராசு கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். “எனக்கு இறுக்க மட்டும்தான் சார் தெரியும்” என்றார். “எறக்கறதெல்லாம் அவுங்கதான்.”

யாரோ சிரித்தார்கள். சிவசுப்ரமணியன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“போல்ட் முறிஞ்சிடுச்சு சார். நட்டு வச்சு வெல்டிங் அடிச்சேன். ரெண்டு தடவ பேந்துடுச்சு, மூணாவது புடிச்சுது. மெழுகு வுட்டு, மொதல்ல ஒரு மயிரிழை இறுக்கிட்டு அப்புறம் எறக்கினேன். மரை போவல. வேணும்னா கழட்டிக் காட்டறேன்.” பாக்கெட்டிலிருந்து அந்தத் துண்டை எடுத்து மேசையில் வைத்தேன்.

அவர் அதை எடுத்து டார்ச் வெளிச்சத்தில் மரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கழட்ட வேணாம்” என்றார். “வண்டி ஃபார்ம்படி இருக்கு.” கையெழுத்துப் போட்டுவிட்டு, டார்ச்சை அணைத்துக்கொண்டு போனார்.

ராஜ்கமல் ஃபார்மைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பேனாவைத் திறந்தார். “வண்டி ஓகே மேடம். ஆனா பேர்ல தப்பிருக்குது பாருங்க. திருன்னு இருக்கு, நீங்க லேடி. இத வெட்டிட்டு லேடீஸ் ஃபார்ம்ல புதுசா எழுதிடலாம். தப்பான ஃபார்ம வச்சு ஓபன்ல எப்படி வுடறது?”

எனக்கு அப்போது கோபமே வரவில்லை. காலையிலிருந்து வந்த கோபமெல்லாம் மூணாம் நம்பர் துளை வழியாகப் போய்விட்டிருந்தது போல. அவர் கையிலிருந்த பேனாவை வாங்கினேன். பிடுங்கினேன் என்று அவர் பிறகு சொன்னாராம், இருக்கட்டும்.

“எதுக்கு சார் வெட்டணும்?” என்றேன். “ரெண்டு எழுத்து கொறையுது, அவ்ளோதான்.”

‘திரு’ பக்கத்தில் ‘மதி’ என்று சேர்த்தேன். திருமதி ராஜாமணி, ஓபன் கிளாஸ். பேனாவை மூடி அவர் சட்டைப் பையிலேயே வைத்தேன். என் கிரீஸ் விரல் அந்தப் புது டி-ஷர்ட்டில் பதிந்துவிட்டது. அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு வண்டி ஓடியது. ஐந்து சுற்று, முழுசாக ஐந்து. இரண்டாவது சுற்றில் வெளி வளைவில் வண்டி வழுக்கி வைக்கோல் கட்டை முட்டியது, அது என் தப்பு. மைக்கில் யாரும் ‘மெதுவா சிஸ்டர்’ என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் ஹெடர்ஸ் சத்தத்தில் கேட்டிருக்காது. நான் நாலாவதாக வந்தேன். ராஜ்கமலும் ஓட்டினார், ஏழாவது. பரிசு மூன்று பேருக்குத்தான்.

தங்கராசு லாரிக்குப் பின்னால் கயிற்றோடு காத்துக்கொண்டிருந்தார். என் இரண்டு கையையும் பார்த்தார்.

“என்னா குடுத்தாங்க?”

“ஒண்ணும் குடுக்கல மாமா” என்றேன். சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “ஒண்ணுமே குடுக்கல!”